செல்வமும் விருந்தும் தொண்டும்
எட்வினா மவுண்ட்பேட்டன் அம்மையார் வரலாறு

நம் புனே நகரில் நகர் சாலை வழியே செல்வோர் எரவாடாவை அடுத்துள்ள ஆகாகான் மாளிகையை நன்கு அறிவர். பஞ்சத்தால் வாடிய சுற்றுப்புற மக்களுக்கு வேலை கொடுக்கும் பொருட்டு, 1892-ஆம் ஆண்டில் சுல்தான் முகம்மது ஷா ஆகாகான் எழுப்பிய மாளிகை அது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1942 ஆகஸ்டு மாதத்தில், அதுவே காந்தியடிகளுக்கும் அன்னை கஸ்தூரிபாவுக்கும் சிறைக்கூடம் ஆயிற்று. 1944 பிப்ரவரி 22-ஆம் நாள் அன்னையார் அங்கேயே கண்மூடினார். அவரது சமாதிக்கு ஆண்டுதோறும் அந்நாளில் சென்று மலர் வைத்து வருவதை நம் குடியிருப்பில் சில குடும்பத்தார் வழக்கமாகக் கொண்டிருக்கிறோம்.

அவ்வாறு சென்று திரும்பிய ஒரு மாலையில், வீட்டிலிருந்த பழைய படப் புத்தகம் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்த நம் இளைய மகள் ஒரு படத்தைச் சுட்டிக் காட்டினாள். 1947-ஆம் ஆண்டில் டில்லியில் எடுக்கப்பட்ட படம் அது. வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவரின் தோளில் கையை ஊன்றியபடி காந்தியடிகள் நடந்து செல்கிறார். “இந்த அம்மா யார்?” என்று குழந்தை கேட்டாள். “கடைசி வைசிராயின் மனைவி” என்றோம். “அது சரி, அவர் என்ன செய்தார்?” என்று மறுபடியும் கேட்டாள். மவுண்ட்பேட்டன் பிரபுவின் மனைவி என்பதற்கும் நேருவின் நண்பர் என்பதற்கும் மேலாக நமக்கு ஒன்றும் தெரியவில்லை. விடை சொல்ல இயலாமற்போன அந்தக் கேள்விக்காகச் சில நூல்களைத் தேடிப் படித்தோம். படித்ததில் தெரிந்துகொண்டவற்றை நம் சங்க ஆண்டு மலர் வாயிலாக அன்பர்களுடன் பகிர்ந்து கொள்ள விரும்புகிறோம்.

இரயில்பாதை தந்த செல்வம்

எட்வினா ஆஷ்லி 1901 நவம்பர் 28-ஆம் நாள் பிறந்தார். தந்தை வில்பிரிட் ஆஷ்லி பழம்பெரும் பிரபுக் குடும்பத்தவர். பாராளுமன்ற உறுப்பினராக இருந்து, பின்னாளில் மவுண்ட் டெம்பிள் பிரபு ஆனவர். தாய் மாட், சர் எர்னஸ்ட் காசெல் என்னும் பெருஞ்செல்வரின் ஒரே மகள். பிரபுப் பட்டம் தந்தை வழியிலும் பணம் தாய் வழியிலும் வந்தன எனச் சுருக்கமாகக் கூறலாம்.

அந்தப் பணத்தின் கதை இரயில்வே ஊழியராகிய நமக்குச் சுவையானது. காசெல் 1852-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1869-இல், பதினேழு வயது நிரம்பும் முன்பே, பிழைப்புத் தேடி இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்தில் வந்து இறங்கினார். முதலில் குமாஸ்தா வேலை பார்த்தார். பின்பு பெரிய வங்கியாளர் ஆனார். அமெரிக்கா, மெக்ஸிகோ, ஸ்வீடன் நாடுகளின் இரயில்பாதைகளும், 1900-இல் திறக்கப்பட்ட மத்திய லண்டன் சுரங்க இரயில்பாதையும், 1902-இல் எகிப்தில் நைல் நதிமேல் கட்டி முடிக்கப்பட்ட முதல் அஸ்வான் அணையும் அவர் திரட்டிக் கொடுத்த மூலதனத்தால் எழுந்தவை. ஊர் விட்டு ஊர் வந்து குமாஸ்தாவாகத் தொடங்கியவர்கள் நம்மிடையே பலர் உண்டு; காசெலைப் போல முடிந்தவர்தாம் எவரும் இல்லை!

காசெல், மன்னர் ஏழாம் எட்வர்டின் நெருங்கிய நண்பர். மன்னரே பேத்திக்கு ஞானத் தந்தையாக நின்றார். அவர் பெயரை ஒட்டியே குழந்தைக்கு எட்வினா என்று பெயரிட்டனர். காச நோயாளிகளுக்காக மிட்ஹர்ஸ்ட் என்னுமிடத்தில் எழுந்த பெரிய மருத்துவ இல்லத்திற்குக் காசெல் 2 இலட்சம் பவுன் அளித்தார். 1906-இல் அது திறக்கப்பட்டது. ஆனால் 1911-இல் அவருடைய ஒரே மகளே காச நோயால் மாண்டாள். எட்வினாவுக்கு அப்பொழுது ஒன்பது வயது. தங்கை மேரிக்கு நான்கு. 1914-இல் தந்தை மறுமணம் செய்துகொண்டார். மூத்த மகளும் சிற்றன்னையும் ஒத்துப்போகவில்லை. எட்வினா விடுதிப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டார்.

பள்ளி முடிந்ததும் பாட்டனார் அவரைத் தம் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். லண்டன் பார்க் லேன் வீதியில் இருந்த அந்த வீட்டுக்குப் புரூக் மாளிகை என்று பெயர். உள்ளே பெருமளவு பளிங்கு பதித்த மாளிகை அது. காசெலின் மனைவியும் மகளும் மறைந்துவிட்டபடியால் விருந்தினரை வரவேற்கும் பொறுப்பு பேத்தியின் மேல் விழுந்தது. அமைச்சர்களும் தூதர்களும் வங்கியாளர்களும் உண்ணும் மேசையில், யாருக்குப் பக்கத்தில் யாரை அமர்த்துவது, யாருடன் யார் பேசுவதில்லை, எவருக்கு என்ன உணவு ஆகாது என்பனவற்றையெல்லாம் பதினெட்டு வயதுப் பெண் மனத்தில் வைத்திருக்க வேண்டியிருந்தது. மேனாட்டுப் பெரிய இடங்களில் இதனை ஒரு கலையாகவே போற்றினர். நம் நாட்டில் வள்ளுவர் விருந்தோம்பலுக்கென்றே தனி அதிகாரம் வகுத்தார். ஒன்று அரசியலுக்கும் வியாபாரத்துக்கும் துணையாக நடப்பது, மற்றொன்று அறம். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தூரத்தை எட்வினா அம்மையார் கடந்த விதமே அவருடைய வாழ்க்கை வரலாறு என்று நமக்குத் தோன்றுகிறது.

டில்லியில் நடந்த நிச்சயதார்த்தம்

1921 செப்டம்பரில் காசெல் காலமானார். அவர் விட்டுச் சென்றது ஏறக்குறைய 75 இலட்சம் பவுன். அதில் சுமார் 20 இலட்சம் பவுனும் புரூக் மாளிகையும் எட்வினாவுக்கு வந்தன. இருபது வயது நிரம்பாத பெண், இங்கிலாந்தின் மிகப் பெரும் செல்வச் சீமாட்டிகளுள் ஒருவர் ஆனார்.

அதே ஆண்டு நவம்பரில் வேல்ஸ் இளவரசர் இந்தியச் சுற்றுப்பயணமாகப் பம்பாயில் இறங்கினார். காங்கிரஸ் அந்த வருகையைப் பகிஷ்கரித்தது. பம்பாயில் கலகம் மூண்டது. அங்கிருந்து இளவரசர் அந்நாளில் பூனா எனப்பட்ட நம் நகருக்கு வந்தார். நவம்பர் 19-ஆம் நாள் சிவாஜி மகாராஜா நினைவிடத்திற்கும் முதல் உலகப் போரில் மாண்ட மராட்டிய வீரர்களின் நினைவுச் சின்னத்திற்கும் இங்கே அடிக்கல் நாட்டினார். அந்த இளவரசரின் பரிவாரத்தில் இருபத்தொரு வயதுக் கடற்படை இளைஞர் ஒருவர் இருந்தார். அவர்தாம் லூயி மவுண்ட்பேட்டன். விக்டோரியா மகாராணியின் கொள்ளுப்பேரன். ஆயினும் அவருடைய கடற்படைச் சம்பளம் ஆண்டுக்கு 610 பவுனே.

அவரைக் காண எட்வினா இந்தியா வந்தார். பாட்டனாரின் சொத்து இன்னும் கைக்கு வராத நிலையில், உறவினர் ஒருவரிடம் வழிச்செலவுக்குக் கடன் வாங்கிக்கொண்டு கப்பல் ஏறினார் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுவர். டில்லியில் வைசிராய் ரீடிங் பிரபுவின் மாளிகையில் தங்கினார். 1922 பிப்ரவரி 14-ஆம் நாள் அங்கேயே இருவரும் மணம் புரிந்துகொள்ள உறுதி செய்துகொண்டனர். அந்த மாளிகை பின்னாளில் டில்லிப் பல்கலைக் கழகத்துக்கு உரியதாயிற்று. ஜூலை 18-ஆம் நாள் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் திருமணம் நிகழ்ந்தது. வேல்ஸ் இளவரசரே மணமகனின் தோழராக நின்றார்.

பயன்படாத ஆண்டுகள்

இதற்குப் பின் வரும் பதினேழு ஆண்டுகளைப் பற்றிப் பெருமையாக எழுத ஒன்றும் இல்லை. 1924-இல் பட்ரீஷியா, 1929-இல் பமீலா என இரு பெண் மக்கள் பிறந்தனர். கணவர் பெரும்பாலும் கப்பலில் இருந்தார். மனைவி விருந்துகளிலும் நடனங்களிலும் காலம் கழித்தார். புரூக் மாளிகையில் விளக்கு அணைவது அரிது. அரச குடும்பத்தாரும் நடிகர்களும் எழுத்தாளர்களும் அங்கே கூடினர். அவ்வாழ்வும் சலித்தபொழுது தென்கடல் தீவுகள் முதல் சீன தேசம் வரை அம்மையார் பயணம் செய்தார். குழந்தைகள் செவிலியரிடம் வளர்ந்தனர். இல்லற வாழ்வில் அமைதி இல்லை என்பதை அவர் குடும்பத்தாரே பின்னாளில் எழுதியிருக்கின்றனர். அக்காலத்து வம்புச் செய்திகளை நம் மலரில் அச்சேற்ற வேண்டுவதில்லை.

ஒன்றை மட்டும் எண்ணிப் பார்க்கலாம். உலகெங்கும் வேலையின்மை தாண்டவமாடிய 1930-களில், ஒரு பெண்ணிடம் கூரிய அறிவும், அயராத உடலும், எவரையும் தம்வசப்படுத்தும் பேச்சும், எண்ணிலடங்காப் பணமும் இருந்தன. அவை அனைத்தும் விருந்து மேசையிலேயே செலவாயின. பணம் இல்லாமையால் பெண்களின் ஆற்றல் வீணாவதை நாம் அறிவோம். மிகுதியான பணத்தாலும் அது வீணாகும் என்பதற்கு இவ்வம்மையாரின் இளமை சான்று.

குண்டு மழையில் கிடைத்த வேலை

1939-இல் இரண்டாம் உலகப் போர் மூண்டது. அம்மையார் பெண்களின் தொண்டர் படையிலும், பின்பு செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் படையிலும் சேர்ந்தார். 1940 செப்டம்பர் 7-ஆம் நாள் தொடங்கி 57 இரவுகள் இடைவிடாமல் லண்டன் மீது ஜெர்மானியர் குண்டு வீசினர். கிழக்கு லண்டனில் துறைமுகத் தொழிலாளர் வாழ்ந்த பகுதிகள் எரிந்தன. ஆயிரக்கணக்கானோர் நிலவறைகளில் ஒண்டினர். அங்கே காற்று இல்லை. போதிய கழிப்பிடம் இல்லை. தண்ணீருக்கும் வழி இல்லை.

புரூக் மாளிகைச் சீமாட்டி இரவுதோறும் அந்நிலவறைகளில் இறங்கி நடந்தார். எந்த இடத்தில் எத்தனை பேர், எத்தனை கழிப்பிடம், எங்கே தண்ணீர் ஒழுகுகிறது என்று குறித்துக்கொண்டார். மறுநாள் காலையில் அந்தக் குறிப்புடன் அதிகாரிகளின் மேசைக்கு முன் போய் அமர்ந்தார். நேற்று வரை அவர் வீட்டில் விருந்துண்ட மனிதர்களே அன்று அதிகாரத்தில் இருந்தனர். அவர்களால் அவரைத் திருப்பி அனுப்ப முடியவில்லை. முன்பு விருந்தினர் பட்டியல் எழுதிய கை இப்பொழுது துன்புறுவோர் பட்டியலை எழுதியது. நூறு பேரின் பெயரையும் குறையையும் நினைவில் வைக்கும் பழக்கம், முன்பின் தெரியாத தாய்மாரிடம் உடனே பேச்சுக் கொடுக்கும் திறம், யாரைப் பிடித்தால் காரியம் ஆகும் என்னும் அறிவு ஆகியவை அவர் புதிதாகக் கற்றவை அல்ல. பயன்படுத்தும் இடம்தான் மாறியது. 1942-இல் அவர் செயின்ட் ஜான் படையின் பெண்கள் பிரிவுக்குத் தலைமைக் கண்காணிப்பாளர் ஆனார்.

சயாம் காட்டில்

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. தென்கிழக்கு ஆசியாவில் நேச நாட்டுப் படைகளின் தலைவராக மவுண்ட்பேட்டன் இருந்தார். சயாம், மலேயா, சுமத்ரா எங்கும் சிறைமுகாம்களில் போர்க்கைதிகளும், காவலில் வைக்கப்பட்ட குடிமக்களும் எலும்பும் தோலுமாகக் கிடந்தனர். அம்மையார் அம்முகாம்களுக்குப் பறந்து சென்றார். சுமத்ராவின் சில முகாம்களை, நேச நாட்டுப் படைகள் வந்து சேரும் முன்பே அடைந்தார். ஒவ்வொரு முகாமிலும் என்ன மருந்து வேண்டும், யாரை முதலில் விமானத்தில் ஏற்ற வேண்டும் என்று குறித்து உடனுக்குடன் செய்தி அனுப்பினார்.

சயாம் என்னும் பெயரைக் கேட்டால் தமிழர் நெஞ்சு பதறும். 1942 அக்டோபரில் தொடங்கி 1943 அக்டோபருக்குள், 415 கிலோமீட்டர் நீளத்திற்குச் சயாமையும் பர்மாவையும் இணைக்கும் இரயில்பாதையை ஜப்பானியர் போட்டு முடித்தனர். சுமார் 60,000 போர்க்கைதிகள் அதில் வேலை செய்தனர்; 12,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுடன் ஏறக்குறைய 2 இலட்சம் ஆசியத் தொழிலாளர்களும் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர்கள் மிகப் பலர். மாண்ட ஆசியத் தொழிலாளர்களின் தொகை 90,000 இருக்கும் என்று மதிப்பிடுகின்றனர். வாந்திபேதியும் பட்டினியும் அடியுமே அவர்களுக்குக் கிடைத்த கூலி. போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக உள்ளன. நம்மவர்களுக்குப் பெயரும் இல்லை; பெரும்பாலோர்க்குக் குழி இருந்த இடமும் தெரியாது.

இதை ஈண்டுக் கூறுவதற்குக் காரணம் உண்டு. எட்வினா அம்மையார் தேடிச் சென்றது போர்க்கைதிகளையும் காவலில் இருந்த குடிமக்களையும். அரசாங்கம் அவரிடம் கொடுத்த பொறுப்பு அவ்வளவே. தோட்டத் தமிழன் அந்தப் பட்டியலில் இல்லை. தொண்டு உள்ளம் எவ்வளவு பெரியதாயினும் அது எந்த வாயில் வழியாக அனுப்பப்படுகிறதோ அந்த வாயிலின் அளவே உதவியும் போய்ச் சேரும். பேரரசின் வாயில் யாருக்குத் திறந்திருந்தது, யாருக்குத் திறக்கவில்லை என்பதை நாம் மறந்துவிடலாகாது.

டில்லி மாளிகையில்

1947 மார்ச் 22-ஆம் நாள் மவுண்ட்பேட்டன் தம்பதியர் டில்லி வந்து சேர்ந்தனர். அம்மையாருக்கு வயது நாற்பத்தைந்து. உலகிலேயே பெரிய அரச மாளிகைகளுள் ஒன்றும், ஆயிரக்கணக்கான பணியாளர்களும் அவர் பொறுப்பில் வந்தன. மாளிகை விருந்துகளில் பாதிக்குக் குறையாமல் இந்தியர் இருக்க வேண்டும் என்று விதித்தனர். மார்ச் 31-ஆம் நாள் காந்தியடிகள் வைசிராயைக் காண வந்தார். நம் மகள் கேட்ட அந்தப் படம் அந்நாட்களில் எடுக்கப்பட்டதே. கஸ்தூரிபா அன்னையார் ஆகாகான் மாளிகையில் மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. எந்த ஆட்சி அடிகளையும் அவர் துணைவியாரையும் சிறை வைத்ததோ, அந்த ஆட்சியின் தலைவி நீட்டிய தோளில் அடிகள் தயக்கமின்றிக் கை வைத்தார். அவருடைய பெருந்தன்மைக்கு அளவேது!

அவ்வாண்டு ஏப்ரல் மாதத்திலும் அதன் பின்னும் வகுப்புக் கலவரம் மூண்ட பஞ்சாபுக்கும் எல்லைப்புறத்துக்கும் அம்மையார் சென்றார். எரிந்த கிராமங்களில் தங்கியிருந்தோரையும் மருத்துவ மனைகளில் கிடந்தோரையும் கண்டார். ஆகஸ்டு 15-இல் விடுதலையும் பிரிவினையும் ஒன்றாக வந்தன. ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வீடு வாசல் இழந்து எல்லை கடந்தனர். செப்டம்பரில், சிதறிக் கிடந்த தொண்டு நிறுவனங்களையெல்லாம் ஒரு குடைக்கீழ்க் கொண்டுவர ஐக்கிய நிவாரண நலக்குழு அமைந்தது. அதற்கு அம்மையார் தலைவரானார். நம் நாட்டின் முதல் சுகாதார அமைச்சர் இராஜகுமாரி அமிருத கௌர் அவருக்கு உற்ற துணையாக நின்றார். குருக்ஷேத்திரத்தில் இலட்சக்கணக்கானோர் கூடாரங்களில் தங்கியிருந்தனர். அத்தகைய முகாம்கள் பலவற்றை அம்மையார் நேரில் சுற்றிப் பார்த்தார். போர்வை எத்தனை, பால் எத்தனை, அம்மைப்பால் ஊசி எத்தனை என்பதே அவர் பேச்சாயிற்று. உணவுத் தட்டுப்பாடு மிகுந்த அந்நாட்களில் அரசினர் மாளிகையின் சாப்பாட்டு மேசையும் பங்கீட்டு அளவுக்குச் சுருங்கியது. விருந்துகளுக்குப் பேர்போன சீமாட்டி, விருந்தைக் குறைப்பதைக் கடமையாகக் கொண்டார்.

இந்தியச் செவிலியர் தொழிலுக்கு நாடு முழுவதற்கும் ஒரே தரம் வகுக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தி வந்தார். இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் 1947-இல் நிறைவேறியது. 

1948 ஜனவரி 30-ஆம் நாள் காந்தியடிகள் சுடப்பட்டபொழுது அம்மையார் நம் சென்னையில் இருந்தார். கணவருடன் சென்னைக்கு வந்தவர், அவர் டில்லி திரும்பிய பின்னும் நலப்பணிகளைப் பார்வையிடும் பொருட்டுத் தங்கியிருந்தார். செய்தி கேட்டதும் டில்லிக்கு விரைந்து, மறுநாள் இறுதி ஊர்வலத்தைச் சேர்ந்த மக்கள் வெள்ளத்தில் கலந்துகொண்டார். அவ்வாண்டு ஜூன் 21-ஆம் நாள் மவுண்ட்பேட்டன் தம்பதியர் இந்தியாவை விட்டு நீங்கினர்.

வரவும் செலவும்

கணக்கு எழுதும் தொழிலில் இருப்பவர் நாம். ஒரு பக்கத்தை மட்டும் எழுதி மூடுவது நமக்குப் பழக்கம் இல்லை. பிரிவினையை அத்துணை அவசரமாக முடித்தது மவுண்ட்பேட்டன் செய்த பெருந்தவறு என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். அந்த அவசரத்தால் புண்பட்டோர்க்கே அவர் மனைவி மருந்து கட்டினார். கணவர் பிளந்ததை மனைவி தைத்தார் என்று சிலர் ஏளனமாகச் சொல்வதுண்டு. கலவரங்களில் மாண்டோர் பல இலட்சம் இருக்கலாம் என்னும்பொழுது, ஒருவரின் நற்பணியால் அக்கணக்கு நேராகிவிடாது. ஆயினும் அம்முகாமில் ஒரு குழந்தைக்குப் பால் கிடைத்ததா என்ற கேள்விக்கும் விடை எழுதத்தான் வேண்டும். கிடைத்தது என்று எழுதுகிறோம்.

நேரு பெருமகனாருடன் அவர் கொண்ட நட்பைப் பற்றியும் உலகம் ஓயாமல் பேசிற்று. இளைய மகள் பமீலா தாம் எழுதிய நூலில் அதனை ஆழ்ந்த நட்பு என்றே குறித்தார். உடனிருந்து கண்டவர் சொல்லுக்கு மேல் நாம் சேர்க்க ஒன்றும் இல்லை. இருபது ஆண்டுத் தொண்டை விட்டு இந்த ஒரு நட்பை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோமே, அது நம் குறை.

அதிகம் பேசப்படாத செய்தி வேறொன்று உண்டு. காசெல் காலத்துப் பழைய சட்டப்படி, மணமான பெண்ணுக்கென ஒதுக்கப்பட்ட சொத்தின் வருமானத்தை மட்டுமே அவள் பெறலாம் என்று கட்டுப்பாடு விதிக்க முடிந்தது. முதலில் கை வைக்க அவளுக்கு உரிமை இல்லை. பேராசை பிடித்த கணவனிடமிருந்து மனைவியின் பொருளைக் காப்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடு அது. போருக்குப் பின் வரிகள் உயர்ந்து அம்மையாரின் வருமானம் பெரிதும் சுருங்கியது. இலட்சக்கணக்கான பவுன் தம் பெயரில் இருந்தும் அவரால் அதைத் தொட முடியவில்லை. பாராளுமன்றத்தில் தமக்கென ஒரு தனி மசோதாவைக் கொண்டுவரச் செய்தார். ஒரு செல்வச் சீமாட்டிக்கு மட்டும் தனிச் சலுகையா என்று எதிர்ப்பு எழுந்தது. முடிவில், 1949-இல், அக்கட்டுப்பாட்டை எல்லாப் பெண்களுக்கும் நீக்கும் பொதுச் சட்டமாகவே அது நிறைவேறிற்று.

தமக்காகக் கேட்டது பிறர்க்கும் கிடைத்தது. நம் நாட்டிலும் இந்து விதவைப் பெண் கணவன் சொத்தை வாழ்நாள் வரை அனுபவிக்கலாமேயன்றித் தன் விருப்பப்படி விற்கவோ கொடுக்கவோ முடியாதிருந்த காலம் ஒன்று இருந்தது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமே அதனை முழு உரிமையாக்கியது. பார்க் லேன் சீமாட்டிக்கும் கும்பகோணத்து விதவைப் பாட்டிக்கும் ஒரே வகைப் பூட்டுப் போட்டிருந்தது சட்டம் என்பதை எண்ணினால் வியப்பாக இருக்கிறது.

கடலில் அடங்கிய உடல்

இங்கிலாந்து திரும்பிய பின்னும் அம்மையார் ஓயவில்லை. செயின்ட் ஜான் படைக்காகவும் குழந்தைகள் பாதுகாப்பு நிதிக்காகவும் ஆண்டுதோறும் நாடு நாடாகச் சுற்றினார். இதயம் நலிந்தது, மருத்துவர் ஓய்வு சொன்னர், அவர் கேட்கவில்லை. 1960 பிப்ரவரியில் வட போர்னியோவின் ஜெஸல்டன் நகருக்குச் சென்றார். அந்நகரே பின்பு கோத்தா கினபாலு எனப் பெயர் மாறியது. செயின்ட் ஜான் தொண்டர்களைப் பார்வையிட்டு, மாலை நிகழ்ச்சியையும் முடித்துக்கொண்டு படுக்கச் சென்றவர், பிப்ரவரி 21-ஆம் நாள் காலையில் எழவில்லை. வயது ஐம்பத்தெட்டு. கடைசி நாளும் அவருக்கு வேலை நாளே.

அவர் விருப்பப்படி, பிப்ரவரி 25-ஆம் நாள் போர்ட்ஸ்மவுத் அருகே கடலில் உடலை அடக்கம் செய்தனர். நேரு அனுப்பிய இந்தியக் கடற்படைக் கப்பல் திரிசூல் உடன் சென்று மலர்வளையத்தைக் கடலில் இட்டது. கணவர் மவுண்ட்பேட்டன் 1979-இல் அயர்லாந்துக் கடலோரத்தில் வெடிகுண்டுக்கு இரையானார்.

அம்மையார் விட்டுச் சென்ற சொத்தின் மதிப்பு 5,89,655 பவுன் என்று பதிவாயிற்று. இருபது வயதில் பெற்றதோ சுமார் 20 இலட்சம். இடையில் வரியும் போயிற்று, விருந்தும் போயிற்று, மாளிகையும் போயிற்று. பவுன் கணக்கில் பார்த்தால் பெருநஷ்டமே. ஆனால் அவர் பெயர் நிலைத்திருப்பது அந்த 20 இலட்சத்தால் அன்று. 1939-க்கு முன் அவர் இறந்திருந்தால், பணம் அப்படியே இருந்திருக்கும், பெயர் இருந்திராது.

நம் வீட்டு வாயில்

அன்பர்களே, இவ்வரலாற்றில் நமக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நம் சங்கத்து மகளிரிடம் புரூக் மாளிகையும் இல்லை. 20 இலட்சம் பவுனும் இல்லை. ஆனால் பொங்கல் விழாவுக்கு இருநூறு பேர்க்கு இலை போடும்பொழுது, யாருக்குச் சர்க்கரை நோய், எந்தக் குழந்தைக்குக் காரம் ஆகாது, புதிதாக மாற்றலாகி வந்த குடும்பம் எந்த மூலையில் கூச்சத்தோடு நிற்கிறது என்பதைக் கண்டு வைத்திருப்பவர்கள் அவர்களே. எட்வினா அம்மையாரிடம் இருந்த மூலதனத்தில் மெய்யான பகுதி அதுதான்.

2020-ஆம் ஆண்டில் பெருந்தொற்றால் இரயில்கள் நின்றன. மே மாதத்தில் தொழிலாளர்களுக்கென்று தனி இரயில்கள் விடப்பட்ட நாட்களில் நாம் பணியில் இருந்தோம். கையில் மூட்டையும் இடுப்பில் குழந்தையுமாக வரிசையில் நின்றவர்களைக் கண்டோம். அதற்கு முந்திய வாரங்களில் நம் குடியிருப்பில் நான்கைந்து வீட்டுப் பெண்கள், விழாச் சமையலுக்கு வைத்திருந்த பெரிய பாத்திரங்களை இறக்கிப் புளிசாதம் கிளறிப் பொட்டலம் கட்டினார்கள். உண்டவர்கள் பிகாரிகள், ஒரியாக்காரர்கள், மராட்டியர்கள்; தமிழர்கள் சிலரே. யாரும் அவர்களிடம் பட்டியல் கொடுக்கவில்லை. ஆகையால் அந்தப் பட்டியலில் எவரும் விடுபடவில்லை.

நம் மகளுக்கு இப்பொழுது விடை சொல்லியாயிற்று. “இந்த அம்மா முதலில் பெரிய மனிதர்களுக்கு மட்டும் சாப்பாடு போட்டார். பிறகு, பசித்தவர்களைத் தேடிப் போனார்” என்றோம். அவள் சிறிது நேரம் படத்தைப் பார்த்திருந்துவிட்டு, “அடுத்த பிப்ரவரிக்கு அவருக்கும் ஒரு பூ எடுத்துக்கொண்டு போகலாமா?” என்றாள். 21-ஆம் நாளுக்கும் 22-ஆம் நாளுக்கும் இடையில் இருப்பது ஓர் இரவுதான். எடுத்துக்கொண்டு போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறோம். சயாம் காட்டில் பெயரின்றி மாண்ட நம்மவர்க்கும் ஒரு பூ அதனுடன் சேரும்.